சூரியகாந்தி ஒட்டிய முகம்

மே 6, செவ்வாய்

கத்திரி வெயில். காலை பத்துக்கே குழாயில் வெந்நீர். பாப்பாவுக்குக் கழுத்து மடிப்பில் வேர்க்குரு. பவுடர் போடலாமா, கூடாதா? போனில் இருக்கும் அம்மாக்கள் குரூப்பில் கேட்டால் நாற்பது பேர், நாற்பது பதில்.

வேலைகள்: கேஸ் புக். ராகி முளைகட்ட. இவர் யூனிஃபார்ம் இன்னொரு தடவை ஊற (சிமெண்டு ஆலைத் தூசி, ஒரு தண்ணிக்குப் போகாது). எக்ஸ்டென்ஷன் வயர்.

வயர் எதற்கென்றால், தூளி மோட்டார் வந்துவிட்டது. மேலே கொக்கி, கொக்கியில் மோட்டார், அதற்குக் கீழே ஸ்பிரிங், ஸ்பிரிங்கில் என் பழைய காட்டன் புடவை, அதற்குள் பாப்பா. சுவிட்சைப் போட்டால் போதும். இன்று மதியம் உட்கார்ந்து சாப்பிட்டேன். சோறு சூடாக இருந்தது. ஏழு மாதத்தில் முதல் தடவை.

கொக்கி நாங்கள் போட்டதில்லை. குன்னத்தில் அம்மா வீட்டிலிருந்து ஐந்தாம் மாதம் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு இந்த அரியலூர் வாடகை வீட்டுக்கு வந்த அன்றே, உள் அறைக் கூரையைப் பார்த்து இவர் சொன்னார்: "நமக்குன்னே போட்டு வெச்ச மாதிரி இருக்கு பாரு."

மோட்டார் தூளியைப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டேன். படத்தில் பாப்பா முகத்தை மறைத்து ஒரு சூரியகாந்தி ஸ்டிக்கர். கண்ணேறு நம்புகிறவள் இல்லை நான். பெரம்பலூரில் மூன்று வருடம் பஸ்ஸில் போய் வந்து பி.எஸ்சி. கணக்கு முடித்தவள். ஆனாலும் ஒட்டினேன். எல்லோரும் ஒட்டுகிறார்கள்.

இன்றைய சண்டைகள்:
1. குக்கர் சோறா, வடித்த சோறா. (பாதியில் விட்டேன்.)
2. போன் காட்டிச் சோறு ஊட்டலாமா. (கூடாது என்றேன். ஊட்டுகிறேன்.)
3. குழந்தைக்கு மைப்பொட்டு. மூடநம்பிக்கை, மையில் என்ன கலக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும் என்று நீளமாக எழுதினேன். மூன்று பேர் என்னைத் "தெளிவான பொண்ணு" என்றார்கள்.
4. மோட்டார்.

நாலாவதில் கனகா என்று ஒருத்தி. முகப்படத்தில் ஆளில்லை, வெறும் வானம். "மோட்டார் வேணாங்க. உள்ள புள்ள இருக்கா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. வெறும் தூளியையும் ஆட்டும்."

நான்: "சுவிட்ச்னு ஒண்ணு இருக்குங்க மேடம். புள்ளையத் தூக்கினா ஆஃப் பண்ண எனக்குத் தெரியும்."

என் பதிலுக்கு நிறையச் சிரிப்பு முகங்கள். மனசு குளிர்ந்தது. ஆனால் அந்த வரி காதிலேயே இருக்கிறது. உள்ள புள்ள இருக்கா இல்லையான்னு அதுக்குத் தெரியாது.


மே 7, புதன்

அதே வெயில். கரண்ட் இரண்டு தடவை போனது. சுண்ணாம்புக்கல் லாரி போகும்போதெல்லாம் பாத்திர அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. பழகிவிட்டது.

கனகா மறுபடி. "வெறும் தூளி ஆட்டினா புள்ளைக்கு வயித்த வலிக்கும். எங்க ஊருல ஆட்ட மாட்டோம்."

கோபம் வந்தது. இந்த மாதிரி ஆட்களுக்காகத்தான் நான் குரூப்பில் இருக்கிறேன். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு வீடியோ எடுத்தேன். வெறும் தூளி, மோட்டார் ஓட, மேலும் கீழுமாக. கொக்கி, ஜன்னல், சுவர் எல்லாம் தெரிய அறையைச் சுற்றி ஒரு வட்டம். "இதோ வெறும் தூளி ஆடுது. பாப்பாவுக்கு வயித்து வலி வந்தா முதல்ல உங்களுக்குத்தான் சொல்லுவேன்." பாப்பா முகத்தில் மறக்காமல் சூரியகாந்தி.

சூப்பர், செம, தலைவி. எண்ணிப் பார்க்க நேரமில்லாத அளவுக்கு.

பாத்திரம் கழுவிவிட்டுப் பார்க்கிறேன், கனகாவிடமிருந்து ஒரே வரி.

"அந்த ஜன்னல்ல இடது ஓரத்துலேருந்து மூணாவது கம்பி ஆடுதா?"

இதென்ன கேள்வி. போய்ப் பிடித்துப் பார்த்தேன். முதல் கம்பி கெட்டி. இரண்டாவது கெட்டி.

மூன்றாவது ஆடியது.


மே 9, வெள்ளி

நேற்று எழுதவில்லை. பாப்பாவுக்கு வயிற்றோட்டம். வயிறுதான். ராகிக் கஞ்சியால் இருக்கும். ராகிக் கஞ்சியால்தான்.

கம்பியை இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே, "ஊருல பாதி வூட்டுல கம்பி ஆடும். குருட்டாம்போக்குல அடிச்சிருக்கா" என்றார்.

"இடது ஓரத்துலேருந்து மூணாவதுன்னு எப்படிங்க சொல்லுவா?"

"நீதான் வீடியோவுல வூட்டையே தொறந்து காட்டியிருக்கியே. ஏதோ ஆடுறது தெரிஞ்சிருக்கும். ப்ளாக் பண்ணிட்டு வேலையப் பாரு."

வீடியோவை இருபது தடவை பார்த்தேன். கம்பி ஆடுவது தெரியவில்லை. தெரிந்தது வேறு. பாப்பா முகத்தை மட்டும் மறைத்திருக்கிறேன். மீதி வீடு முழுக்கத் திறந்து கிடக்கிறது. காலண்டர், அதில் ஜவுளிக்கடைப் பெயர், கீழே அரியலூர் என்று கொட்டை எழுத்தில்.

பதினொன்றுக்கு கனகா, குரூப்பில் இல்லாமல் எனக்குத் தனியாக: "மூணு மணிக்கு அந்தத் தூளி மேல வெயில் விழும். அந்த ரூமுல கட்டாதீங்க. கேளுங்க. அந்த ரூமு வேணாம்."

அப்படியே படம் பிடித்துக் குரூப்பில் போட்டேன். "இது என்ன மிரட்டலா?" அவ்வளவுதான், தேன்கூடு கலைந்த மாதிரி. வீட்டை நோட்டம் விடுகிறாள். பிள்ளை பிடிக்கிற கும்பல். வயிற்றெரிச்சல் பிடித்தவள். போலீசில் கொடுங்கள். ஒருத்தி எழுதியிருந்தாள்: "இவளுக்குப் புள்ளையே இருக்காது. அதான் அடுத்தவ புள்ள மேல கண்ணு." அதற்கு நானும் ஒரு இதயம் போட்டேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் போட்டேன்.

பன்னிரண்டு மணிக்குள் அட்மின் அவளை நீக்கிவிட்டார்.

ஜெயித்தாயிற்று. பிறகு ஏன் ஜன்னலைச் சாத்தி வைத்துக்கொண்டு வேர்வையில் உட்கார்ந்திருந்தேன்?

மூன்று மணிக்கு அடுக்களையை விட்டு வந்து உள் அறை வாசலில் நின்றேன். இந்த நேரத்தில் நான் இங்கே நிற்பதே இல்லை. ஜன்னல் இடுக்கு வழியாக ஒரு துண்டு வெயில். முதலில் தரையில். பிறகு தூளியின் ஓரத்தில். மூன்று ஐந்துக்கு, புடவையில் பாப்பா தலை வைக்கும் இடத்தில் சரியாக வந்து நின்றது, தெரிந்த ஆள் வந்து உட்காருவதுபோல.


மே 10, சனி

மேகம். மழை இல்லை. தூளியில் போடவில்லை, மடியிலேயே. முதுகு விட்டுப்போனது.

பக்கத்து வீட்டு ரோஜா அக்கா கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குப் போய் வந்து துளசி கொடுத்தது. கதவைத் தட்டிய சத்தத்துக்கே பாப்பாவை அள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். "என்னாடி, பேயப் பாத்த மாதிரி முழிக்கிற?" என்றது. ஒன்றுமில்லை என்றேன்.

மதியம் போனைத் திறந்தால், தெரியாதவர்கள் அனுப்பும் பெட்டியில் அந்த வெறும் வானம்.

"நீங்க திட்டுனது பரவால்ல. உள் ரூமு கதவுக்குப் பின்னாடி செவுத்துல பென்சில் கோடு இருக்கும். வெள்ளையடிச்சிருப்பாங்க. லைட்டு அடிச்சுப் பாருங்க."

பார்க்கக் கூடாது என்று முடிவு செய்தேன். துணி மடித்தேன். பூண்டு உரித்தேன். குன்னத்துக்கு போன் போட்டு அம்மாவிடம் வெங்காய விலை பேசினேன். பிறகு போய்க் கதவைச் சாத்தி, போன் லைட்டைச் சுவரோடு ஒட்டிச் சரித்துப் பிடித்தேன்.

வெள்ளைக்குக் கீழே கோடுகள். சின்னச் சின்னதாய், ஒன்றின் மேல் ஒன்று. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு எண். 5. 6. 7. 8.

கீழேயே இருந்தன. என் முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில். நடக்கிற பிள்ளைக்குப் போட்டது இல்லை. அக்குளில் பிடித்து நிற்க வைத்து, இன்னொருவர் தலையோடு கோடு இழுத்திருக்க வேண்டும். மாதா மாதம்.

எட்டுக்கு மேல் லைட்டை நகர்த்தினேன். இன்னும் மேலே. கதவின் உச்சி வரைக்கும். வெறும் சுவர்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. பாப்பாவைத் தூக்கி வந்து அந்தச் சுவரோடு நிறுத்தினேன். சிரித்தாள். தலை ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்.


மே 11, ஞாயிறு

புழுக்கம். இவருக்கு லீவு, மட்டன் வாங்கப் போனார். அந்த இடைவெளியில் ரோஜா அக்காவிடம் போனேன். தையல் மெஷினில் இருந்தது.

"அக்கா, எங்களுக்கு முன்னாடி அந்த வூட்டுல யாரு இருந்தா?"

"முன்னாடின்னா? ஜெயங்கொண்டத்துக்காரரு வாடகைக்கு வுடுற வூடு. வருவாங்க, போவாங்க."

"கைப்பிள்ளையோட யாராச்சும்?"

மெஷின் நின்றது. "உனக்கு யாரு சொன்னா?"

"சும்மா கேட்டேன்க்கா."

"சும்மா கேக்குற மூஞ்சியா இது? கனகான்னு ஒரு பொண்ணு. நாலஞ்சு வருசம் இருக்கும். ஆம்பளப் புள்ள, எட்டு மாசம். ஒரு நாளு மத்தியானம் டமால்னு சத்தம். நான் போறதுக்குள்ள அந்தப் பொண்ணு புள்ளையத் தூக்கிக்கிட்டு ரோட்டுல ஓடுது, கால்ல செருப்பு இல்ல. லாரிக்காரன்தான் நிறுத்தி ஏத்திக்கிட்டுப் போனான்." நூலைப் பல்லால் கடித்தது. "பத்து நாளு கழிச்சு சாமான் ஏத்த வந்துச்சு. தனியா."

"என்ன சத்தம்க்கா?"

"அத நான் கேக்கல. நீயும் கேக்காத. குடியிருக்குற வூடு."

திரும்பி வந்தேன். அந்த இதயத்தை எடுத்துவிடலாம் என்று குரூப்பில் தேடினேன். அட்மின் எல்லாவற்றையும் அழித்துவிட்டிருந்தார். எடுக்கவும் வழியில்லை.

கனகாவுக்கு எழுதினேன். "அக்கா, அந்த ரூமுல என்ன ஆச்சு?"

உடனே பதில். காத்துக்கொண்டே இருந்திருப்பாள் போல.

"கொக்கி கூரைக்குள்ள இருக்குற கம்பியில மாட்டலீங்க. பூச்சுலதான் நிக்குது. எங்க வூட்டுக்காரருதான் போட்டாரு. பேத்துக்கிட்டு வந்துருச்சு. ஓனரு அதே ஓட்டைல சிமெண்ட அப்பி மறுபடி சொருகிட்டாரு. மோட்டாரு போட்டு இழுத்தா நிக்காது."

"இத முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"மொதல்ல அது நாங்க இருந்த வூடுன்னு தெரியாது. மோட்டாரப் பாத்தா பயம், அதான் சொன்னேன். வீடியோவப் பாத்துத்தான் தெரிஞ்சுது. அதுவும் நம்ப முடியாம கம்பியக் கேட்டேன். சொல்ல வரதுக்குள்ள எல்லாரும் திட்டுனாங்க. அப்புறம் தூக்கிட்டீங்க. செவுத்துக் கோட்டப் பாத்தாதான் என்னை நம்புவீங்கன்னு தோணுச்சு."

இவர் வந்ததும் காட்டினேன். படித்தார். ஓனருக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "அதெல்லாம் பழைய கதை தம்பி. கம்பியிலயே மாட்டி காங்கிரீட்டு போட்டாச்சு. ஆனையக் கட்டலாம்."

"போதுமா?" என்றார் இவர்.

"போதாது."

"முன்னப் பின்ன தெரியாதவ சொல்றத நம்புவ. நான் சொன்னா நம்ப மாட்ட. நாளைக்கு ரூபிச்சுக் காட்டுறேன்."


மே 12, திங்கள்

காற்றே இல்லை.

இவருக்கு மதிய ஷிஃப்ட். கிளம்பும் முன் முழு அரிசிப் பையைத் தூக்கி வந்தார். பத்து கிலோ. பாப்பா ஏழரைதான். தூளிக்குள் படுக்க வைத்தார், பிள்ளையை வைப்பது மாதிரியே, தலைமாடு பார்த்து. சுவிட்சைப் போட்டார்.

"ஆடட்டும். நான் வர வரைக்கும் நிறுத்தாத. விழுந்தா நீ சொல்றதக் கேக்குறேன். விழலேன்னா அந்தக் குரூப்ப விட்டு வெளிய வா."

"சரி."

ஒரு மணிக்குச் செருப்பு மாட்டும்போது எட்டிப் பார்த்தார். அசையாமல் நின்றது கொக்கி. "பாத்தியா? இதுக்குப் போயி புள்ளையக் கட்டாந்தரையில போட்டு வெச்சிருக்க. எடுத்து உள்ள போடு. நல்லாத் தூங்கும்." போய்விட்டார்.

போடவில்லை. முன் அறையில் பாயில், என் பக்கத்தில். பழக்கமாகிவிட்டது போல, மோட்டார் சத்தம் கேட்டதும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு தூங்கிப் போனாள்.

இங்கே பாப்பா தூங்குகிறாள். அங்கே அரிசி தூங்குகிறது. க்ரீச், டக். க்ரீச், டக். இரண்டு மணி நேரம் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தேன். சில நேரம் புடவைக்குள் கை கால் அசைகிற மாதிரி இருந்தது. ஒரு தடவை எழுந்தே போனேன், தட்டிக் கொடுக்க. பையின் மேல் கை வைத்தபோதுதான் என்ன செய்கிறேன் என்று தெரிந்தது.

இவர் சொன்னதுதான் சரியோ என்று தோன்ற ஆரம்பித்தது. நல்ல கொக்கி. நான்தான் தூக்கமில்லாமல் இப்படி ஆகிவிட்டேன். எடுத்துப் போட்டுவிடலாம், கொஞ்சம் முதுகு சாய்க்கலாம்.

மூன்று மணி. வெயில் வந்தது. தரை. தூளி ஓரம். தலைமாடு.

லாரி ஒன்று. டம்ளர்கள். பின்னாலேயே இன்னொரு லாரி.

இன்று இதற்கு மேல் எழுத வரவில்லை.


மே 13, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

சத்தம் பெரிதாக இல்லை. அதுதான். டமால் என்று ரோஜா அக்கா சொன்னது, எனக்கு அப்படிக் கேட்கவில்லை. பப்பாளி விழுந்த மாதிரி. கூரையில் வட்டமாக ஓட்டை, உள்ளே ஒரு கம்பிகூட இல்லை. கொக்கியோடு தேங்காய் அளவு சிமெண்டுக் கட்டி. முதலில் பை தரையில், அதன் மேல் மோட்டார். மோட்டாரின் இரும்பு முனை பையைக் கிழித்திருந்தது. தலைமாட்டில். அரிசி சுவர் வரைக்கும் ஓடியிருந்தது. கதவுக்குப் பின்னால், அந்தக் கோடுகளின் அடி வரைக்கும்.

கரண்ட் போகவில்லை. மோட்டார் தரையில் கிடந்தபடியே டக், டக் என்று ஆட்டிக்கொண்டிருந்தது, எதையோ.

பாப்பா முழிக்கவில்லை.

ஷிஃப்ட் முடிந்து வந்து இவர் பார்த்தார். விளக்குமாற்றை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, குத்துக்காலிட்டு, அரிசியைக் கையால் பொறுக்க ஆரம்பித்தார். நான் விடுங்க என்றேன். கேட்கவில்லை. தலை நிமிராமல், "போறப்ப நான் என்ன சொன்னேன்?" என்றார்.

"ஒண்ணும் சொல்லல."

"எடுத்து உள்ள போடுன்னு சொன்னேன்."

"நான்தான் போடலியே."

"நான் சொன்னேன்ல?" என்றார் மறுபடி. சாப்பிடவில்லை. இன்று காலை கொத்தனாரை வைத்துக்கொண்டு ஓனரிடம் போனில் கத்தினார். இந்த மாதமே வேறு வீடு பார்க்கிறோம்.

கனகாவுக்கு: "விழுந்துருச்சுக்கா. உள்ள பாப்பா இல்ல. அரிசி. பாப்பா எங்கிட்ட இருந்தா." பார்த்துவிட்டாள் என்று மட்டும் காட்டியது.

குரூப்பிலும் எழுதினேன். கனகா சொன்னது சரி, நான் தப்பு, எல்லோரும் அவரவர் வீட்டுக் கொக்கியை ஆள் வைத்துப் பாருங்கள் என்று. நாலு பேர் சிரிப்பு முகம் போட்டார்கள். ஒருத்தி, "என்ன சிஸ்டர், அவ மந்திரிச்சிட்டாளா?"


மே 14, புதன்

விடியலில் தூறல். மண் வாசனை கொஞ்சம், சிமெண்டு வாசனை நிறைய.

காலையில் கனகா.

"பாப்பாவ ஒருவாட்டி காட்டுவீங்களா? பூவு இல்லாம."

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ராகி அரைத்தேன். பெட்டியில் பாத்திரம் கட்டினேன். ஏழு மாதமாகப் படத்தில் ஒருவருக்கும் காட்டாத முகம். குரூப்பில் ஆயிரக்கணக்கான பேருக்குக் காட்டாதது. அதை முதன்முதலாக அந்தக் கண்ணுக்கா? எட்டோடு கோடு நின்றுபோனவளின் கண்ணுக்கா? இப்படி நினைக்கிறவள் நான்தான். மைப்பொட்டு மூடநம்பிக்கை என்று ஒரு பக்கம் எழுதியவள்.

ரோஜா அக்காவிடம் கேட்டால் வேண்டாம் என்னும். அம்மாவிடம் கேட்டால் அலறுவாள். இவரிடம் கேட்கவில்லை.

பதினொரு மணிக்குக் கதவுக்குப் பின்னால் அந்தச் சுவரோடு பாப்பாவை நிறுத்தி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் எடுத்தேன். முகம் நேராக. ஈறு தெரியச் சிரிக்கிறாள். ஸ்டிக்கர் இல்லை. அனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

பார்த்துவிட்டாள்.

எழுதுகிறாள் என்று மூன்று புள்ளி. நின்றது. மறுபடி மூன்று புள்ளி. நின்றது. பாப்பாவை இறுக்கிக்கொண்டேன், யாரோ இழுப்பது மாதிரி.

வந்தது: "பொட்டு வெக்கலையா?"

பாப்பாவை மடியில் உட்கார வைத்தேன். பிறகு எழுதினேன், இதுவரை ஒருவரிடமும் சொல்லாததை.

"உள்ளங்கால்ல வெச்சிருக்கேன்க்கா. தினமும். யாருகிட்டயும் சொல்லாதீங்க."